நாட்டு அரசியல் சினிமாவில் மட்டும் ஏன் இரண்டரை மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது?

பதிவு 1 | கரிசல் வாத்தியார்

அனைவருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கிற விஷயம், இன்று எழுதிவிடுகிறேன்.

2019 ஏப்ரல் 18, மக்களவைத் தேர்தல். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் எனக்குத் தலைமை வாக்குச்சாவடி அலுவலர் பணி. மதியம் மூன்று மணி வாக்கில் ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும். காட்டு வேலையை முடித்துவிட்டு நேராக வந்தவர், முழங்கை வரை மண் காய்ந்திருந்தது. முதல் அலுவலர் பட்டியலைப் பார்த்தார். அந்தப் பெயருக்குக் கீழே காலையிலேயே சிவப்புக் கோடு விழுந்திருந்தது. "உங்க ஓட்டு ஆயிருச்சேம்மா" என்றார். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் இடது கை விரலை நீட்டினார். மை இல்லை. அதற்குள் வரிசையில் பின்னால் நின்ற ஒரு பையன் சத்தம் போட்டான்: "அத்தை, நாப்பத்தொம்பது பி கேளுங்க!"

வரிசையே சிரித்தது. ஆனால் சிரித்தவர்கள் அத்தனை பேருக்கும் அது என்னவென்று தெரிந்திருந்தது. அதற்கு முந்தைய தீபாவளிக்கு வந்த 'சர்க்கார்' படம் செய்த வேலை. நான் பல தேர்தல்களில் பணி பார்த்தவன். அதுவரைக்கும் ஒருத்தர்கூட விதி எண்ணைச் சொல்லி என்னிடம் டெண்டர் ஓட்டு (நம் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டால் நாம் கேட்டு வாங்குகிற ஓட்டு) கேட்டதில்லை.

கேள்விகள் கேட்டு, ஆள் அவர்தான் என்று உறுதி செய்துகொண்டேன். 17பி படிவத்தில் கையெழுத்து வாங்கினேன். இயந்திரத்தில் போட முடியாது, காகிதச் சீட்டுதான். அம்புக்குறி முத்திரையைக் கையில் கொடுத்து மறைவுக்குள் அனுப்பினேன். மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். தனி உறைக்குள் வைத்தேன்.

படத்தில் நாயகனுடைய ஓட்டை யாரோ போட்டுவிடுகிறார்கள், அவர் நீதிமன்றம் போகிறார், தேர்தலே மறுபடி நடக்கிறது. எங்கள் சாவடியில் போன அந்த உறையை எண்ணிக்கை நாளில் யாரும் பிரிக்கமாட்டார்கள். தேர்தல் வழக்கு ஒன்று வந்து, நீதிமன்றம் கேட்டால்தான் அதற்கு உயிர் வரும். இந்தப் பாதியைப் படம் சொல்லவில்லை.

என் எண்ணம் இதுதான். நம் வெகுஜன சினிமா நாட்டு அரசியலிலிருந்து கோபத்தை எடுத்துக்கொள்கிறது, நடைமுறையை விட்டுவிடுகிறது. மக்கள் ஏமாறுவது அந்த விட்டுப்போன பாதியில்தான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பதிவு 2 | பொதிகை

வாத்தியார் சார், மரியாதையோடு மாறுபடுகிறேன். நூற்றைம்பது ரூபாய் கொடுத்து வருகிறவன் 17பி படிவம் பார்க்க வருவதில்லை. ஒரு விதி இருக்கிறது என்று கோடிக்கணக்கான பேருக்கு ஒரு படம் சொன்னது. அந்தப் பையன் கத்தியிருக்காவிட்டால் அந்த அம்மா பேசாமல் வீட்டுக்குப் போயிருப்பார், இல்லையா? பாதி தெரிந்தது ஒன்றுமே தெரியாததைவிட மேல். மீதியைச் சொல்லிக்கொடுப்பது உங்கள் மாதிரி ஆட்கள் வேலை, அரசாங்கத்தின் வேலை.

பதிவு 3 | ஈரோடு மலர்

பாதி தெரிவதில் இருக்கிற சிக்கலை நான் கல்லாவில் உட்கார்ந்து பார்த்தவள். எங்களுக்கு மருந்துக்கடை.

2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தது. அந்தத் தீபாவளிக்கு 'மெர்சல்' வந்தது. சிங்கப்பூரில் 7 சதவீதம் வரி வாங்கிக்கொண்டு இலவச மருத்துவம் தருகிறார்கள், இங்கே 28 சதவீதம் வாங்கியும் இல்லை என்று வருகிற வசனம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆட்சேபம் கிளம்பியது, வெட்டச் சொன்னார்கள், ராகுல் காந்தி ட்வீட் போட்டார், படம் இன்னும் ஓடியது.

அடுத்த வாரம் ஒரு பெரியவர் சர்க்கரை மாத்திரை வாங்க வந்தார். பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல 28 பர்சென்ட் எடுத்துட்டீங்களாம்மா?" என்று கேட்டார். இல்லை ஐயா, பெரும்பாலான மாத்திரைக்கு 12, இன்சுலினுக்கு 5 என்று பில்லில் விரல் வைத்துக் காட்டினேன். அவர் நம்பவில்லை. மருத்துவமனையில் டாக்டர் பார்ப்பதற்கும் படுக்கையில் சேர்ப்பதற்கும் ஜிஎஸ்டியே கிடையாது என்று சொன்னதற்கு, "நீ வியாபாரி, அப்படித்தான் சொல்லுவ" என்றார். வருடக்கணக்காக எங்களிடம் கடனுக்கு மருந்து வாங்குகிறவர் அவர். எனக்கு அன்று மனசு விட்டுப்போயிற்று.

அந்த 28 எங்கே இருந்தது தெரியுமா? சினிமா டிக்கெட்டில். நூறு ரூபாய்க்கு மேலான டிக்கெட்டுக்கு அன்று 28 சதவீதம். அதற்கு மேல் உள்ளாட்சிக் கேளிக்கை வரி என்று தமிழ்நாட்டில் 30 சதவீதம் போட்டார்கள். ஜூலை முதல் வாரத்தில் திரையரங்குகளை மூடிப் போராடினார்கள். அப்புறம் வரியைக் குறைத்தார்கள். ஆக, அந்த வசனத்துக்குக் கைதட்டியவர்கள் சட்டைப்பையில் இருந்த டிக்கெட்டில்தான் அந்த எண் நிஜமாக இருந்தது. ஆனால் மருந்து பில்லில் இருப்பதாக நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

வரியைப் பற்றிக் கோபப்படக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எனக்கே அந்த மூன்று மாதம் ரிட்டர்ன் போடுவதற்குள் நாக்கு தள்ளியது. பொதிகை தம்பி, கோபம் தப்பான பில்லின் மேல் திரும்பினால் சரியான பில்லைக் கொடுத்தவர் தப்பித்துவிடுகிறார். அதுதான் என் வருத்தம்.

பதிவு 4 | தேக்கா தமிழன்

சிங்கப்பூரிலிருந்து ஒரு வார்த்தை. இங்கே மருத்துவம் இலவசம் கிடையாது. ஒவ்வொரு மாதமும் சம்பளத்திலிருந்து மத்திய சேமநிதிக்குப் பிடிக்கிறார்கள், அதில் ஒரு பங்கு மெடிசேவ் கணக்குக்குப் போகிறது, ஆஸ்பத்திரிச் செலவுக்கு அதிலிருந்து எடுக்கிறோம். குடிமக்களுக்கு மானியம் நன்றாகவே உண்டு. ஆனாலும் கையிலிருந்தும் கட்டவேண்டி வரும். அன்று 7 ஆக இருந்த ஜிஎஸ்டி 2024-இலிருந்து 9. படம் வந்த சமயம் ஊரிலிருந்து பேசிய சித்தப்பா, "உங்களுக்கென்னப்பா, எல்லாம் ஃப்ரீ" என்றார். அப்பாவின் பைபாஸ் செலவை நானும் தம்பியும் பங்கு போட்டுக் கட்டி முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

பதிவு 5 | பழைய டூரிங்

எனக்கு எழுபத்தி மூன்று வயது. எல்லாப் படத்தையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன். கோபப்படுகிற படங்கள் நடைமுறையை விட்டுவிடும், உண்மை. கேலி செய்கிற படங்கள் விடாது. நடைமுறை தெரியாமல் கேலி செய்யவே முடியாது, அதுதான் காரணம்.

1971-இல் சோவின் 'முகமது பின் துக்ளக்' வந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். நாடகமாக ஊர் ஊராகப் போட்டு அப்புறம் படமானது. பழைய டெல்லி சுல்தான் துக்ளக்கும் அவர் காலத்துப் பயணி இபன் பதூதாவும் சமாதியிலிருந்து எழுந்து வருகிறார்கள். துக்ளக் தேர்தலில் நின்று பிரதமரே ஆகிவிடுகிறார். ஆட்சி நிலைக்கவேண்டுமே, தன் பக்கம் வந்த எம்.பி.க்களை எல்லாம் துணைப் பிரதமர் ஆக்கிவிடுவார். இந்தியா வேண்டாம், ஆங்கிலம் வேண்டாம் என்ற சண்டைக்கு முடிவாகப் பாரசீகத்தை ஆட்சிமொழி ஆக்குவார். அடடா, இந்தி வேண்டாம் என்று எழுதியிருக்க வேண்டும், மன்னிக்கவும், கைபேசித் தட்டச்சு.

இன்றைய பிள்ளைகளுக்கு அது வெறும் கோமாளித்தனமாகத் தெரியலாம். அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 1967-இல் ஹரியானாவில் கயா லால் என்ற எம்.எல்.ஏ. இரண்டே வாரத்தில் மூன்று தரம் கட்சி மாறினார். 'ஆயா ராம் கயா ராம்' என்ற பேச்சு அவரால் வந்தது. 1969-இல் காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. அந்த ஜூலையில்தான் 14 வங்கிகளை நாட்டுடைமை ஆக்கினார்கள். இங்கே 1965 மொழிப்போர் முடிந்து ஆறு வருடம்தான். கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்தது 1985-இல். அதற்குப் பதினான்கு வருடம் முன்னாலேயே, பதவிக்காக ஆள் மாறினால் மந்திரிசபை எப்படி வீங்கும் என்பதை ஒரு தமிழ்ப் படம் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். வெளியே வந்து டீக்கடையில் பேசியது முழுக்க டெல்லி அரசியல்தான். அந்தப் பேச்சில் நான் பாராளுமன்ற பெரும்பான்மை என்றால் என்னவென்று கற்றுக்கொண்டேன்.

அப்புறம் 1994, மணிவண்ணனின் 'அமைதிப்படை'. ஓட்டு எண்ணிக்கைச் செய்தி ஒவ்வொன்றாக வர வர, கைகட்டி ஒடுங்கி இருந்த அமாவாசை கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து, தன்னை வளர்த்துவிட்டவருக்குச் சமமாக உட்காருவானே! சத்யராஜ் உடம்பை மட்டும் வைத்துச் சொல்லிவிட்டார். அதிகாரம் மனிதனுக்குள் எப்படி ஏறுகிறது என்பதை அதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பதிவு 6 | பொதிகை

ஐயா, 'அமைதிப்படை'யை நானும் பத்துத் தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் காலத்தில் கேலி செய்ய இடம் இருந்தது. இன்று ஒரு பிரதமரையோ மத்திய அமைச்சரையோ அப்படிக் காட்டிவிட்டு ஊரில் நடமாட முடியுமா?

பதிவு 7 | பழைய டூரிங்

அன்றைக்கும் மாலை போட்டு வரவேற்கவில்லை தம்பி. 'துக்ளக்' வெளியாவதற்கே பெரிய போராட்டம் நடந்தது.

பதிவு 8 | வேலூர் ஹவில்தார்

பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்தேன். எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

'ரோஜா' 1992 ஆகஸ்ட் 15-இல் வந்தது. அப்போது நான் சேர்ந்து ஒரு வருடம். லீவில் வந்தபோது அம்மா, தங்கச்சியோடு பார்த்தேன். கொடி எரியும்போது கதாநாயகன் அதன் மேல் விழுந்து அணைக்கிற இடத்தில் தியேட்டரே எழுந்து நின்றது. நானும் அழுதேன். அந்த அழுகை பொய் இல்லை, இன்றைக்கும் அதற்காக வெட்கப்படமாட்டேன்.

1994-இல் குப்வாரா பக்கம் போஸ்டிங். படத்தில் பார்த்த காஷ்மீர் மணாலியும் நீலகிரியும் என்று அப்புறம்தான் தெரியும். நிஜக் காஷ்மீரில் எங்கள் காலை வேலை, ரோடு ஓப்பனிங். வண்டிகள் போவதற்கு முன்னால் சாலையின் இரண்டு பக்கமும் நடந்தே போய்க் கண்ணிவெடி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பனிக்குள், ஒவ்வொரு மதகாகக் குனிந்து. ஒரு நாளில் ஒன்றும் நடக்காது. முப்பது நாளில் ஒன்றும் நடக்காது. முப்பத்தோராவது நாளும் அதே கவனத்தோடு குனியவேண்டும். இதை எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை. பார்த்தால் ஜனம் தூங்கிவிடும், எனக்குப் புரிகிறது.

அந்தச் சாலையில் ஒரு பெட்டிக்கடைக்காரர் இருந்தார், அறுபது வயது. என்னோடு அரைகுறை இந்தியில் பேசுவார். ஒரு நாள் சொன்னார்: "87-இல் கடைசியாக ஓட்டுப் போட்டேன். என் ஓட்டு எங்கே போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்கப்புறம் போடுவதில்லை." 1987 ஜம்மு காஷ்மீர் சட்டமன்றத் தேர்தலில் முறைகேடு நடந்தது என்ற குற்றச்சாட்டு உலகம் அறிந்தது. அந்தத் தேர்தலுக்கு வேலை செய்த இளைஞர்கள் சிலர் அப்புறம் துப்பாக்கி எடுத்தார்கள். 1990-இல் காஷ்மீர் இந்துக்களான பண்டிட் குடும்பங்கள் உயிருக்குப் பயந்து ராத்திரியோடு ராத்திரியாக வெளியேறினார்கள். 'ரோஜா'வில் 87-உம் இல்லை, 90-உம் இல்லை. ஒரு நல்லவர், அவரைக் கடத்திய ஒருவர், ஒரு மனைவி. வாத்தியார் எழுதிய அந்த அம்மா விரல் நீட்டியதைப் படித்ததும் எனக்கு அந்தக் கடைக்காரர்தான் ஞாபகம் வந்தார். அதனால்தான் உறுப்பினராகச் சேர்ந்து இதை எழுதுகிறேன்.

2022-இல் 'தி காஷ்மீர் ஃபைல்ஸ்' பண்டிட்களின் வேதனையைக் காட்டியது. அந்த வேதனை நூற்றுக்கு நூறு நிஜம். ஆனால் பல மாநில அரசுகள் அதற்கு வரிவிலக்கு கொடுத்து ஜனங்களைப் போய்ப் பார்க்கச் சொன்னபோது, எனக்கு அந்தக் கடைக்காரரின் ஞாபகமும் கூடவே வந்தது. அவர் கடை அந்தப் படத்தில் எங்கேயும் இல்லை.

'உரி' படமும் பார்த்தேன். 2016 செப்டம்பர் 18 விடிகாலை உரி ராணுவ முகாமைத் தீவிரவாதிகள் தாக்கியபோது செத்த பையன்களில் பலர் கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். 2019 ஜனவரியில் படம் வந்தது. அந்த மாதமே மும்பையில் சினிமா அருங்காட்சியகத் திறப்பு விழாவில் பிரதமர் நடிகர்களைப் பார்த்து 'ஜோஷ் (உற்சாகம்) எப்படி இருக்கிறது' என்று படத்து வசனத்தைக் கேட்டார், அரங்கமே திருப்பிக் கத்தியது. பிரதமர்கள் வருவார்கள் போவார்கள், நான் கட்சி பேசவில்லை. நாங்கள் பரேடில் தொண்டை கிழியச் சொன்ன வார்த்தை அது. தேர்தலுக்கு மூன்று மாதம் முன்னால் அதை மேடையில் கேட்டபோது என் பொருளை யாரோ எடுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது.

பதிவு 9 | ஈரோடு மலர்

அண்ணா, இரண்டு தரம் படித்தேன். எழுதியதற்கு நன்றி. அந்த மதகு குனிகிற வரியை என் மகனுக்கு வாசித்துக் காட்டினேன்.

பதிவு 10 | பொதிகை

ஹவில்தார் ஐயாவுக்கு வணக்கம். நான் தென்காசிக்காரன். 'ரோஜா'வில் நாயகியின் ஊர் எங்கள் பக்கத்துச் சுந்தரபாண்டியபுரம். இன்றைக்கும் சூரியகாந்தி பூக்கும்போது ஆட்கள் வந்து அந்தப் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே போட்டோ எடுக்கிறார்கள். அதனால் அந்தப் படத்தின் மேல் எனக்கு ஒரு பாசம் உண்டு.

ஒரு விஷயம் நான் கவனித்தது. தமிழில் 'தமிழா தமிழா' என்று தொடங்குகிற பாட்டு, இந்தி மொழிமாற்றில் பாரதத்தைப் பற்றிய பாட்டாக மாறியது. இன்று வடக்கே சுதந்திர தினத்துக்குப் பள்ளிகளில் அதைப் பாடுகிறார்கள். ஒரே மெட்டு, இங்கே தமிழனைக் கூப்பிடுகிறது, அங்கே நாட்டை. நாட்டு அரசியலைத் தமிழ்ச் சினிமா இங்கே விற்கும்போது மொழி வழியாகத்தான் உள்ளே கொண்டுவர முடிந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. இது தவறா? ஒரு கிராமத்துப் பெண் டெல்லி அமைச்சரிடம் என் புருஷனை மீட்டுக்கொடு என்று தமிழில் கேட்கிற இடத்தில், நாடு என்பது முதல் தடவை என் பாட்டிக்கு ஒரு முகத்தோடு தெரிந்தது. பாட்டி அதற்குமுன் டெல்லி என்றால் ரேடியோ செய்தி என்றுதான் நினைத்திருந்தாள்.

பதிவு 11 | கரோல்பாக் ராமன்

நாம் இதுவரை சினிமா அரசியலை எடுத்துக்கொள்வதைப் பேசினோம். அரசியல் சினிமாவை எடுத்துக்கொண்ட கதை ஒன்று, நான் டெல்லியில் சிறுவனாக இருந்தபோது.

1977 பிப்ரவரி 6, ஞாயிறு. நெருக்கடி நிலை தளர்ந்து தேர்தல் அறிவித்தாயிற்று. மத்திய அமைச்சராக இருந்த, எல்லோரும் 'பாபு' என்று கூப்பிட்ட ஜெகஜீவன் ராம் காங்கிரசை விட்டு வெளியேறி நாலு நாள். ராம்லீலா மைதானத்தில் அவரும் ஜெயப்பிரகாஷ் நாராயணும் பேசுகிறார்கள். அன்று சாயங்காலம் தூர்தர்ஷனில் போடவிருந்த பழைய படத்தை எடுத்துவிட்டு 'பாபி' போட்டார்கள். 1973-இல் சக்கைப் போடு போட்ட படம். கூட்டத்துக்குப் போகாமல் ஜனம் வீட்டோடு இருக்கட்டும் என்பதுதான் திட்டம்.

எங்கள் காலனியில் மூன்று வீட்டில்தான் டிவி. குழந்தைகள் எல்லோரும் மாடி வீட்டு மாமியின் கூடத்தில் போய் உட்கார்ந்துவிட்டோம். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டார். அம்மா, "படம் போடறானே" என்றாள். "அதனாலதான் போறேன்" என்றார். கரோல்பாக்கிலிருந்து நடந்தே போனார். ராத்திரி வெகு நேரம் கழித்து வந்தார். மைதானம் நிரம்பி வழிந்தது என்றார். மறுநாள் பத்திரிகைத் தலைப்பு, பாபு பாபியை வென்றார்.

தமிழ்நாட்டு நண்பர்கள் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். அந்தத் தேர்தலில் வடக்கே காங்கிரஸ் துடைத்தெறியப்பட்டது. இங்கே அதிமுக, காங்கிரஸ் கூட்டணி 39-இல் 34 ஜெயித்தது. இந்திரா காந்தி, சஞ்சய் காந்தி அரசியலைக் கேலி செய்து எடுத்த 'கிஸ்ஸா குர்சி கா' படத்தின் பிரதிகளையே எரித்தது அந்தக் காங்கிரஸ் ஆட்சி. அந்தச் செய்தியெல்லாம் இங்கே எட்டியதா, எட்டியும் பொருட்படுத்தவில்லையா, அப்பா சாகும்வரை என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பதிவு 12 | ஹைகோர்ட் வராந்தா

வக்கீல் என்பதால் சட்டப் பக்கம் கொஞ்சம். படம் பிடிக்கவில்லை என்றால் பதில் சொல்லுங்கள், நிறுத்தாதீர்கள் என்பதை நமக்கு வாங்கிக்கொடுத்தது ஒரு தமிழ்ப் படம்தான். 'ஒரே ஒரு கிராமத்திலே', இட ஒதுக்கீட்டைக் கேள்வி கேட்ட படம். அதன் வாதத்தோடு எனக்குத் துளியும் உடன்பாடில்லை. சென்னை உயர் நீதிமன்றம் சான்றிதழை ரத்து செய்தது. 1989-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, போராட்டம் நடக்கும், கலவரம் வரும் என்ற மிரட்டலுக்காகப் பேச்சுரிமையை அடக்க முடியாது என்றது. இன்றுவரை சென்சார் வழக்கு எது வந்தாலும் அந்தத் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டுதான் ஓடுகிறோம்.

'சர்க்கார்' விஷயத்தில் எனக்கு உறுத்துவது வேறு. படம் வந்ததும் போராடினார்கள், பேனர் கிழித்தார்கள், காட்சி வெட்டினார்கள். எந்தக் காட்சி? அரசு கொடுத்த இலவச மிக்ஸி, கிரைண்டரை நெருப்பில் போடுகிற காட்சி. வில்லியின் பெயரையும் சத்தமில்லாமல் ஆக்கினார்கள். அந்தப் படத்தின் கதையே கள்ள ஓட்டு. அதைப் பற்றி ஒரு கட்சியும் வாய் திறக்கவில்லை. எங்கள் ஆட்கள் அப்படிச் செய்யமாட்டார்கள் என்றுகூட யாரும் மறுக்கவில்லை.

பதிவு 13 | பொதிகை

இது எனக்குத் தோன்றவே இல்லை. வாத்தியார் சார், என் முதல் பதிவில் நான் சொன்னதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். மீதிப் பாதியில் நிற்கிறேன்: அந்தப் பையன் கத்தியது நல்லதுதான்.

பதிவு 14 | ஈரோடு மலர்

சார், அந்த அம்மா என்ன ஆனார்? அதைச் சொல்லாமலே விட்டுவிட்டீர்களே.

பதிவு 15 | கரிசல் வாத்தியார்

சொல்லவேண்டாம் என்று நினைத்திருந்தேன் அம்மா. கேட்டுவிட்டீர்கள்.

சீட்டை உறையில் வைத்து ஒட்டும்வரை அவர் போகவில்லை, மேசைக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தார். அப்புறம் கேட்டார், "சாமி, இதை எண்ணுவாகளா?" பின்னால் வரிசை, ஏஜென்டுகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பொய் சொல்ல வாய் வரவில்லை. "வழக்கு வந்தா எண்ணுவாங்கம்மா" என்றேன். "யாரு வழக்கு போடணும்?" என்றார். தோற்ற வேட்பாளரோ, தொகுதியில் ஒரு வாக்காளரோ போடலாம், நாற்பத்தைந்து நாளைக்குள், உயர் நீதிமன்றத்தில் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ராஜஸ்தானில் 2008-இல் சி.பி. ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்று, இப்படிப்பட்ட உறைகளைப் பிரிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் வரைக்கும் வழக்கு போனதை அவருக்குச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை.

மை வைக்க விரலை நீட்டச் சொன்னேன். நீட்டினார். மண் ஒட்டியிருந்ததால் மை பிடிக்கவில்லை. சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, "இப்ப வைங்க" என்றார். வைத்தோம். காயும்வரை ஊதிக்கொண்டே படியிறங்கினார். அந்தப் பையன் வெளியே அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தான், இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் போனார்கள்.

2021 சட்டமன்றத் தேர்தலில் எனக்கு வேறு ஊர். அந்தச் சாவடிக்குப் போன சக ஆசிரியரிடம் பெயரைச் சொல்லிக் கேட்டேன். காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்தபோது வரிசையில் முதல் ஆளாக நின்றாராம்.